கண்ணாடிக் கடலில் ஓர் இறால்

இறால் என்றவுடன் நம்மில் அநேகருக்கு அடுப்பும் சட்டியுந்தான் ஞாபகத்துக்கு வரும். "வளர்க்கவா, வறுக்கவா?" என்று என் வீட்டிலேயே பரிகாசம் செய்தார்கள். நான் சொல்ல வந்ததோ பவழப் பாறைகளில் வாழும் ஒரு சிற்றிறாலைப் பற்றி. கிளீனர் ஷ்ரிம்ப் என்பார்கள். துப்புரவு இறால் என்று நாம் அழைக்கலாம். விரல் நீளந்தான் இருக்கும். சிவந்த முதுகின் நடுவே சுண்ணாம்பினால் கோடு இழுத்தாற்போல ஒரு வெண்பட்டை. நீண்ட வெள்ளை மீசைகள். பாறையோரத்தில் நின்று அம்மீசைகளை அசைக்கும். அதைக் கண்ட மீன்கள் அருகே வந்து வாயைத் திறந்துகொண்டு அசையாமல் நிற்கும். இறால் அவற்றின் மேனியிலும் வாயினுள்ளும் ஒட்டிய கிருமிகளைப் பொறுக்கித் தின்னும். விழுங்கிவிடக் கூடிய மீனே பொறுமையாக நிற்பதைக் காண்பது ஓர் ஆனந்தம்.

செங்கடல் முதல் பசிபிக் சமுத்திரம் வரையில் இது வாழ்கிறது, இலங்கையிலிருந்தும் ஏற்றுமதியாகிறது. தொட்டியில் இதன் குஞ்சுகளை வளர்த்து ஆளாக்குவது மிகக் கடினம். ஆகவே கடைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை கடலில் பிடிக்கப்பட்டவையே. அப்படி வந்த ஒன்றை ஒரே இரவில் கொன்றவன் நான்.

கடையிலிருந்து பையில் கொண்டுவந்த இறாலைப் பையோடு கால்மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டேன். உஷ்ணம் சமமாகிவிட்டது என்று எண்ணி, இறாலை மட்டும் எடுத்து உள்ளே விட்டேன். முன்பு மீன்களை இப்படித்தான் விட்டிருந்தேன். அவை சுகமாகவே இருந்தன. இறாலோ துள்ளித் துள்ளி விழுந்து, பக்கவாட்டில் சாய்ந்தது. பொழுது விடிந்தபோது உயிர் இல்லை. பிறகுதான், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஹைட்ரோமீட்டர் என் நினைவுக்கு வந்தது! பையில் எஞ்சிய ஜலத்தின் ஒப்படர்த்தி 1.020, என் தொட்டியில் 1.025. ஒரு லிட்டருக்கு ஆறேழு கிராம் உப்பு வித்தியாசம். கடைத்தொட்டிகளில் உப்பைச் சற்றுக் குறைத்து வைப்பது வழக்கந்தான். அளந்து பாராதது என் குற்றம்.

மீன் தன் உடம்பின் உப்பை ஒரு நிலையில் காத்துக்கொள்ளச் சிறந்த ஏற்பாடு உடையது. இவ்விறாலுக்கு அவ்வல்லமை குறைவு. வெளியே உப்புத் திடீரென மிகுந்தால் உடம்பின் நீர் வெளியேறத் தொடங்குகிறது. சமாளிக்க அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தை அளிப்பதற்கு ஒரு மெல்லிய ரப்பர் குழாய் போதும். உஷ்ணம் சமமான பின், பையின் ஜலத்தோடு இறாலைச் சுத்தமான வாளியில் விடுங்கள். தொட்டி ஜலம் குழாய் வழியே வினாடிக்கு இரண்டு மூன்று துளி வீதம் வாளியில் சொட்டும்படி குழாயில் தளர்வாக முடிச்சிடுங்கள். ஜலம் இரட்டித்ததும் பாதியைக் கொட்டிவிட்டு மறுபடியும் சொட்டவிடுங்கள். ஒன்றிரண்டு மணியில் இரு ஜலமும் ஒன்றாகிவிடும். கடிகாரத்தை நம்பாமல் ஹைட்ரோமீட்டரை நம்புங்கள்.

தாமதத்திலும் ஓர் ஆபத்து உண்டு. நெடுநேரம் பிரயாணம் செய்த பையில் அமோனியா சேர்ந்திருக்கும். மூடிய பையில் கரியமில வாயு மிகுந்து ஜலம் சிறிது அமிலப் பக்கம் சாய்வதால் அதன் நஞ்சு அடங்கிக் கிடக்கிறது. திறந்து காற்றுப் படவே தலைதூக்குகிறது. ஆகையால் பையைத் திறந்த பின் வேறு வேலைக்குப் போய்விடக் கூடாது. பை ஜலத்தைத் தொட்டியில் கொட்டவும் கூடாது. தொட்டியும் புதிதாக இருத்தல் ஆகாது. அமோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம்.

நம் வெயிலில் தொட்டி ஜலம் நாள்தோறும் ஆவியாகும். போவது ஜலம், உப்புத் தங்கிவிடும். எனவே ஈடு செய்ய வேண்டியது உப்பில்லாத நல்ல ஜலம். அதைச் செப்புக்குடத்திலிருந்து மாத்திரம் எடுத்து ஊற்றாதீர்கள். நமக்குப் புண்ணிய தீர்த்தமாயினும் இறாலுக்கு அது விஷம். இறாலின் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பதே தாமிரந்தான். ஆயினும் ஜலத்தில் கரைந்த தாமிரம் மிகச் சொற்ப அளவிலேயே அதைக் கொல்லும். மீனுக்குத் தரும் சில மருந்துகளிலும் தாமிரம் உண்டு.

இரண்டாவது இறாலை இரண்டு மணி நேரம் வாளியருகே உட்கார்ந்து சொட்டவிட்டேன். மூன்றாம் வாரம் ஒரு காலை என் மகள் அழுதுகொண்டே ஓடிவந்தாள். தொட்டியின் அடியில் மீசை, கால், கண்மூடி சகிதமாக இறால் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் வெறும் கூடு! சட்டை உரித்துவிட்டு, இளந்தோல் இறுகும்வரை பாறையிடுக்கில் பதுங்கியிருந்தது. அத்தகைய இடுக்கு இல்லாவிட்டால் அந்த இரண்டு நாளில் மீன்கள் அதைக் கடித்துவிடும்.

இப்போது தொட்டியைத் துடைக்கக் கையை நுழைத்தால் ஓடிவந்து ஏறிக்கொள்கிறது. சாக்குக்கட்டித் தூசி படிந்த என் நகக்கண்களை ஒவ்வொன்றாகத் துழாவிப் பார்க்கிறது.