பல் நாற்காலியின் தண்ணீர்



பல் சிகிச்சைக் கருவிகளின் தூய்மை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை மிகவும் அவசியமானது. ஆனால் கருவிக்குள் ஓடும் தண்ணீரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

ஜெர்மனியில் பல் மருத்துவ உதவியாளராக வேலை பார்க்கிறேன். பல் சிகிச்சை நாற்காலியிலிருந்து, பல்லைத் துளைக்கும் கைக்கருவிக்குப் போகும் குழாய் மிக மெல்லியது. இரவிலும் விடுமுறையிலும் தண்ணீர் தேங்கி நிற்பதால் உட்சுவரில் கிருமிப் படலம் படிகிறது. கழற்றிய பழைய குழாய் ஒன்றை வெட்டிப் பார்த்தபோது உள்ளே விரல் வழுக்கியது. 2011இல் இத்தாலியில் 82 வயது மூதாட்டி ஒருவர், பல் சிகிச்சை நீரிலிருந்த லெஜியோனெல்லா கிருமி தொற்றி இறந்தார்.

இங்கே பொதுச் சுகாதார அமைப்பான ராபர்ட் கோச் நிறுவனம் 2006இல் வெளியிட்ட பரிந்துரை தெளிவானது: காலையில் கைக்கருவியைப் பொருத்தாமல் 2 நிமிடம், ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் 20 விநாடி தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். ஆனால் படிந்த படலம் இதனால் மட்டும் போகாது. கிருமிநாசினியும் நீர்ப் பரிசோதனையும் தேவை.

தமிழகப் பல் மருத்துவமனைகளும் இப்படித் தண்ணீரைத் திறந்துவிடுவதை அன்றாட வழக்கமாக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது நீரைப் பரிசோதித்து முடிவை வரவேற்பறையில் ஒட்ட வேண்டும். நோயாளிகளும் அந்த முடிவைத் தயங்காமல் கேட்க வேண்டும்.

– ஒரு வாசகி, டோர்ட்முண்ட்