பழைய விமானம் மட்டுமா காரணம்?

ஆர்ட்டிக் வட்டத்துக்குள் அமைந்துள்ள அலாஸ்காவின் கோபுக் கிராமத்துக்கு வெளியூர்களிலிருந்து வீதி கிடையாது. வீடுகளைச் சூடாக்கும் எரிபொருளும் விமானம் மூலமே அங்கு செல்கிறது. 2024 ஏப்ரல் 23ஆம் திகதி அவ்வாறு எரிபொருள் ஏற்றிச் சென்ற டக்ளஸ் சி-54 விமானம், ஃபெயார்பாங்ஸ் நகரிலிருந்து புறப்பட்ட சற்று நேரத்தில் வீழ்ந்து எரிந்தது. அதிலிருந்த விமானிகள் இருவரும் பலியாகினர். இரண்டாம் உலகப் போர்க்கால புரொப்பெல்லர் விமானம் அது என்பதால், விமானத்தின் வயதே உலகின் கவனத்தை ஈர்த்தது.

ஆனால் விமானத்தின் வயதை மட்டும் குறைகூறி இவ்விடயத்தை முடித்துவிட இயலாது. இதற்கு எமது மலையகமே சான்றாகும்.

1974 டிசெம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து புனித ஹஜ் கடமைக்காகப் புறப்பட்ட 182 யாத்திரிகர்களுடன் வந்த மார்ட்டின்எயார் விமானம், மஸ்கெலியாப் பகுதியின் சப்தகன்னியர் மலையில் மோதியது. பணியாளர்கள் ஒன்பது பேர் உட்பட 191 பேரும் மாண்டனர். அது பழைய புரொப்பெல்லர் விமானமன்று. டிசி-8 ஜெட் விமானம். கட்டுநாயக்காவை நெருங்கிவிட்டதாகத் தவறாகக் கணித்த விமானிகள், சுமார் 40 கடல் மைல் தொலைவிலேயே பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியமையே காரணமென விசாரணை தெரிவித்தது. நோட்டன்பிரிஜ் பகுதியில் அவர்களுக்கான நினைவுச்சின்னம் இன்றும் உள்ளது.

அதற்கு மூன்று நாட்களுக்கு முன்னர் அமெரிக்காவின் வேர்ஜீனியாவிலும் ஒரு ஜெட் விமானம் மலையில் மோதி 92 பேர் பலியாகியிருந்தனர். அதனையடுத்தே தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியை அந்நாடு பெரிய பயணிகள் விமானங்களில் கட்டாயமாக்கியது. காரணம் மறைக்கப்படாமல் வெளியானதாலேயே பின்னர் பறந்தோரின் உயிர்கள் காக்கப்பட்டன.

2020 ஜனவரி 3ஆம் திகதி வீரவிலவிலிருந்து கண்காணிப்புப் பணிக்காகப் புறப்பட்ட விமானப்படையின் சீனத் தயாரிப்பான வை-12 புரொப்பெல்லர் விமானம் ஹப்புத்தளையில் வீழ்ந்து நால்வர் உயிரிழந்தனர். குடிமனைகளும் தோட்டங்களும் நிறைந்த பிரதேசம் அது. கீழே வாழும் மக்களுக்கும் விபத்தின் காரணத்தை அறியும் உரிமை உண்டு.

மடுல்கெல்லையில் நின்று நக்கிள்ஸ் மலைத்தொடரைப் பார்ப்போர், சில நிமிடங்களில் முகில் அதனை மூடிவிடுவதை அறிவர். மண்சரிவினால் வீதிகள் துண்டிக்கப்படும் வேளையில் வான்வழி உதவியே இத்தகைய ஊர்களுக்கு எஞ்சும் வழி. கோபுக் மக்களுக்கும் எமக்கும் உள்ள ஒற்றுமை இதுவே. ஒதுக்குப்புற மக்களுக்கு இதுவே போதுமென்று தகுதி குன்றிய விமானங்களை ஒதுக்குவது நீதியாகாது. விமானம் பழையதாயினும் புதியதாயினும் முறையான பராமரிப்பு, நில அமைப்பைக் காட்டும் எச்சரிக்கைக் கருவி, நம்பகமான வானிலைத் தகவல் ஆகிய மூன்றும் இன்றி மலைப்பகுதியில் அதனைப் பறக்கவிடலாகாது. ஒவ்வொரு விபத்தின் விசாரணை முடிவும் மக்கள் அறிய வெளியிடப்படவும் வேண்டும். பொறுப்பானவர்கள் இதனைக் கருத்திற் கொள்வார்களென எதிர்பார்க்கின்றோம்.