வருத்தம் வராமல் ஏன் போகவேண்டும்?

"வருத்தம் ஒண்டும் இல்லாத மனிசன் எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்?" எத்தாளையிலும் அதனைச் சூழவுள்ள கரையோரக் கிராமங்களிலும் பெருங்குடல் புற்றுநோய்க்கான பரிசோதனையைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் முதலில் எழும் கேள்வி இதுதான். படித்தவர்கள் இதைக் கேட்டதும் 'அறியாமை' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அறியாமைக்கு மருந்தாக ஒரு விழிப்புணர்வுக் கருத்தரங்கு, ஒரு பதாகை, தேநீரும் பணிசும், வரவுப் பதிவேட்டில் கையொப்பம். அபிவிருத்திப் பணியில் உள்ள நாம் அனைவரும் இந்தச் சடங்கை நன்கறிவோம். எம்மைப் பொறுத்தவரை அக்கேள்விக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை ஒருமுறை அவர்களோடு இருந்து போட்டுப் பார்ப்பது நல்லது.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். 2022ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் ஏறத்தாழ 19 இலட்சம் பேருக்குப் பெருங்குடலிலோ மலக்குடலிலோ புதிதாகப் புற்றுநோய் கண்டது. 9 இலட்சம் பேர் அதனால் இறந்தனர். புற்றுநோய் மரணங்களில் நுரையீரலுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். எமது நாட்டில் ஆண்களிடையே வாய்ப் புற்றுநோயும் பெண்களிடையே மார்பகப் புற்றுநோயும் முன்னிற்பதால் அவற்றைப் பற்றிப் பேசிப் பழகிவிட்டோம். குடலைப் பற்றிப் பேசுவோர் இல்லை. ஆயினும் இங்கும் இரு பாலாரிடையேயும் முன்னணியில் நிற்கும் புற்றுநோய்களுள் அதுவும் ஒன்று.

இந்நோயின் இயல்பு வியப்பானது. குடலின் உட்சுவரில் சிறு முளை ஒன்று தோன்றி, வலியில்லாமல், பெரும்பாலும் பத்தாண்டு வரையில் மெதுவாக வளர்ந்துதான் புற்றாக மாறுகிறது. இடைக்காலத்தில் அது கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் கசியலாம். மலத்தில் சிறிதளவை ஒரு குச்சியால் எடுத்துக் குப்பியில் இட்டுக் கொடுத்தால் அந்த இரத்தத்தைக் கண்டுபிடிக்கலாம். இரத்தம் இருந்தால் குடலுக்குள் 'கமரா' விட்டுப் பார்த்து, முளை இருந்தால் அப்பொழுதே வெட்டி எடுத்துவிடலாம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 46,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடத்தி 1993இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஆண்டுதோறும் மலப் பரிசோதனை செய்தவர்களிடையே இந்நோயால் ஏற்படும் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைக் காட்டியது.

இவ்வளவு நன்மை இருந்தும் மக்கள் ஏன் முன்வருவதில்லை? இக்கேள்வி புதியதன்று. 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையினர் காசநோயைக் கண்டறிய எக்ஸ்ரே கருவி பொருத்திய வாகனங்களை மக்களிடையே அனுப்பினர். பரிசோதனை இலவசம். ஆனாலும் பலர் வரவில்லை. இதனை ஆராய்ந்த ஹொக்பாம் என்ற சமூக உளவியலாளர் 1958இல் தம் முடிவை வெளியிட்டார். இந்நோய் எனக்கும் வரலாம், முன்கூட்டிக் கண்டால் நன்மை உண்டு என்ற இரண்டையும் நம்பியவர்களில் 82 வீதமானோர் தாமாகவே எக்ஸ்ரே எடுத்திருந்தனர். இரண்டையும் நம்பாதவர்களில் 21 வீதத்தினரே எடுத்திருந்தனர்.

எமது மக்களிடம் இவற்றுள் எது குறைவு? 'எனக்கும் வரலாம்' என்ற எண்ணம் குறைவில்லை. கூடுதலாகவே இருக்கிறது எனலாம். 2011இல் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் சாம்பலையும் புகையையும் சொல்வார்கள்; தோட்டங்களுக்கு அடிக்கும் மருந்தைச் சொல்வார்கள்; கிணற்று நீரைச் சொல்வார்கள். கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்பாங்கான நிலத்தில் இடப்படும் உரம் நிலத்தடி நீரில் இறங்கி நைத்திரேற்றைக் கூட்டியிருப்பது ஆய்வாளர்கள் நீண்டகாலமாகச் சொல்லிவருவதுதான். எதனால் எந்த நோய் வருகிறது என்பது வேறு விவாதம். 'இந்தக் கரையில் இருக்கும் எவருக்கும் வரும்' என்ற பேச்சு வாடியிலும் சந்தையிலும் தாராளமாக உண்டு என்பதையே இங்கு குறிக்கிறோம்.

குறைவாக இருப்பது, 'முன்கூட்டிக் கண்டால் நன்மை உண்டு' என்ற நம்பிக்கை. அது எப்படி வரும்? எமது ஊர்களில் 'மகரகம' என்பது ஓர் ஊரின் பெயராக இல்லை. ஒரு தீர்ப்பின் பெயராகிவிட்டது. அங்குள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்கு இப்பொழுது 'அபேக்ஷா' என்று பெயர். சிங்களத்தில் அதற்கு எதிர்பார்ப்பு என்று பொருள். ஆனால் இங்கிருந்து அங்கு போனவர்களில் பெரும்பாலானோர் நோய் முற்றிய பின்னரே போனார்கள். ஊர் கண்டது அவர்களைத்தான். நோய் குடலோடு நிற்கும்போது கண்டுபிடித்தால் ஐந்தாண்டுக்குப் பின்னும் பத்தில் ஒன்பது பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்றும், வேறு உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டால் ஏழில் ஒருவர்தான் மிஞ்சுகிறார் என்றும் அமெரிக்கக் கணக்குக் கூறுகிறது. அந்த ஒன்பது பேரை எமது ஊர் கண்டதில்லை. காரணம் உண்டு. குணமானவர் வாய் திறப்பதில்லை. மகளுக்குக் கலியாணம் பேச இருக்கிறது, 'பரம்பரை வருத்தம்' என்று பெயர் விழுந்துவிடும் என்று வீட்டார் மூடிவைக்கிறார்கள். ஆக, இறந்தவரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். பிழைத்தவரைப் பற்றி எவருக்கும் தெரியாது. இந்த எண்களை மட்டும் கையில் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னால், பரிசோதனைக்குப் போகாதிருப்பதே சரியான விடையாக வரும்.

எமது மக்கள் விதியை நம்பிச் சும்மா இருப்பவர்கள் என்று சொல்வோரும் உண்டு. 'ஆண்டவன் விட்ட வழி' என்று எங்கள் கடற்றொழிலாளர் சொல்வதும், 'நஸீப்' என்று எத்தாளை முஸ்லிம் பெரியவர்கள் சொல்வதும் உண்மையே. ஆனால் அதே மனிதர் கடலுக்கு இறங்குமுன் இயந்திரத்தின் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பார்க்கிறார். படகைக் கரையில் ஏற்றி அடிப்பக்கத்தைத் தடவி வெடிப்புத் தேடுகிறார். படகு ஒழுகாதபோதே தேடுகிறார். அப்போது அவர் விதியைப் பற்றிப் பேசுவதில்லை. வெடிப்பைக் கண்டால் அடைக்கப் பசையும் ஆளும் கரையிலேயே உண்டு என்பது அவருக்குத் தெரியும். உடம்பில் வெடிப்பைக் கண்டால் என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

வெட்கம் இன்னொரு தடை. மலத்தோடு இரத்தம் போனால் 'உடம்பில சூடு', அல்லது 'மூலம்'. துத்தியிலையும் கருணைக்கிழங்கும் சாப்பிட்டுப் பார்ப்பார்கள். சில நாளில் இரத்தம் நின்றுவிடும். மருந்து கேட்டது என்று மகிழ்வார்கள். குடல் முளையிலிருந்து வரும் இரத்தமும் அப்படித்தான் வந்து வந்து நிற்கும். மனைவியிடம்கூடச் சொல்லாத ஆண்கள் உண்டு. ஆண் வைத்தியரிடம் சொல்ல முடியாத பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

எனினும் இந்த வெட்கம் அசைக்க முடியாத மலை என்று நாம் நம்பவில்லை. மலசலகூடம் கட்டும் திட்டங்கள் இக்கரைக்கு வந்தபோது இதே வெட்கந்தான் எதிரில் நின்றது. இருட்டோடு கடற்கரைக்குப் போய்வந்த காலத்தில் அதைப் பற்றிப் பேசுவதே அநாகரிகம். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இக்குடாநாட்டுக்கு வந்த முஸ்லிம் குடும்பங்கள் முகாம்களில் இருந்தபோது தண்ணீருக்கு அடுத்து முதலில் பேசவேண்டியிருந்தது மலசலகூடத்தைப் பற்றித்தான். பெண்கள் எழுந்து பேசினார்கள். தேவை வந்தபோது வாய் திறந்தது. அதற்கும் வெகுகாலத்துக்கு முன், 1916இல் றொக்பெல்லர் நிதியத்தின் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் மலையகத் தோட்டங்களில் தொடங்கியபோது தொழிலாளரின் மலம் சேகரிக்கப்பட்டது. ஆனால் அது தோட்டத்துரையின் அதிகார நிழலில் நடந்தது. நாம் கேட்பது அந்த வழியை அல்ல.

பெரியவர்கள் வெளிப்படையாகப் பேசுவதும் உதவும். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1992 யூலையில் ஒரு ஞாயிறு மூவேளைச் செப வேளையில், தாம் பரிசோதனைக்காக வைத்தியசாலைக்குச் செல்வதாகக் கூடியிருந்த மக்களிடம் தாமே அறிவித்தார். மூன்று நாட்களில் அவரது பெருங்குடலிலிருந்து தோடம்பழம் அளவிலான கட்டி அகற்றப்பட்டது. அது புற்றாக மாறத் தொடங்கும் கட்டத்தில் இருந்தது. 1995 சனவரியில் காலிமுகத்திடலில் நாம் கண்டது அந்தச் சத்திர சிகிச்சைக்குப் பின் வந்த மனிதரைத்தான். அதன் பின்னும் பத்தாண்டு வாழ்ந்தார். அவர் உபாதை ஏற்பட்ட பின்னரே வைத்தியரிடம் போனவர். ஆயினும் குடலைப் பற்றிய செய்தியை ஒளிக்கவில்லை.

இனி, வீட்டு வாசலுக்கே பரிசோதனை வந்தால் எல்லோரும் செய்துவிடுவார்களா? அதுவும் இல்லை. எமது மேற்குக் கரையிலிருந்து இத்தாலிக்குப் போயிருப்போர் ஏராளம். அங்கு 50 முதல் 69 வயது வரையானோருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலப் பரிசோதனைக்கான அழைப்புக் கடிதம் வருகிறது, செலவில்லை. இங்கிலாந்தில் நாடளாவிய திட்டம் 2006இல் தொடங்குமுன் நடத்திய முன்னோடித் திட்டத்திலேயே, தபாலில் வந்த பொதியைத் திருப்பி அனுப்பிய தென்னாசியர் தொகை ஏனையோரைவிட மிகக் குறைவாக இருந்தது. கடிதம் மட்டும் போதாது. மதிக்கும் ஒருவர் 'செய்தீங்களா?' என்று கேட்கவேண்டும். எமது ஊர்களில் அந்த ஒருவர் பெரும்பாலும் வைத்தியர் அல்லர். மனைவி, மூத்த மகள், படகுக்கார முதலாளி, மருத்துவ மாது. இத்தாலியில் இருக்கும் பிள்ளைகள் ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசும்போது, தமக்கு வந்த கடிதத்தைப் பற்றி அப்பாவுக்குச் சொன்னால் அது எந்தக் கருத்தரங்கையும் விட வலியது. பணம் அனுப்பியதை மட்டும் சொல்கிறார்கள்.

எமது நாட்டில் அப்படியான கடிதம் வருவதில்லை. 1996 முதல் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்குகளில் பெண்களுக்குக் கருப்பைக் கழுத்தும் மார்பகமும் பார்க்கப்படுகின்றன. 2011 முதல் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கின்றன. அங்கு ஆண்கள் வருவது குறைவு என்பது யாவரும் அறிந்த முறைப்பாடு. பகலில் கடலில் இருப்பவர் அல்லது கடலிலிருந்து வந்து தூங்குபவர் எப்படி வருவார்?

குப்பியில் இரத்தம் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனிக் கமரா பார்க்கவேண்டும். எத்தாளையிலிருந்து கொழும்பு 150 கிலோமீற்றருக்கு மேல். முதல் நாள் சாப்பாடு இல்லை. குடலைச் சுத்தமாக்க ஒரு திரவத்தை லீற்றர் கணக்கில் குடிக்கவேண்டும். இரவு முழுவதும் வயிற்றால் போகும். அந்த நிலையில் விடியுமுன் பஸ் ஏறி, பாலாவிச் சந்தியில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு நின்று, நான்கைந்து மணி நேரம் போகவேண்டும். கூடப் போகும் ஆளின் நாட்கூலியும் போய்விடும். அங்கு கொடுக்கும் துண்டு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். 2022இல் மருந்தில்லாமல் வைத்தியசாலைகள் தவித்ததையும், எரிபொருள் இல்லாமல் படகும் பஸ்ஸும் நின்றதையும் மக்கள் மறக்கவில்லை. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு ஒருவர் 'பிறகு பார்ப்பம்' என்று சொன்னால், அவரை அறியாதவர் என்பதா?

ஆகவே, ஒருநாள் மருத்துவ முகாம் வைத்து மலக் குப்பிகளை விநியோகிக்கும் யோசனையை நாம் ஆதரிக்கவில்லை. தலவில திருவிழாக் கூட்டத்தில் கூடாரம் அடித்து ஆயிரம் குப்பி கொடுத்தால் அறிக்கைக்கு நல்ல எண் கிடைக்கும். இரத்தம் தெரிந்தவர்களில் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இருக்காது. அதையும் கமரா பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். அடுத்த படியைக் காட்டாமல் பயத்தை மட்டும் கொடுத்து அனுப்புவது அநியாயம்.

முதலில், ஏற்கெனவே இரத்தம் கண்டவர்களைத் தேடுவோம். இரத்தம் போதல், வழக்கத்துக்கு மாறாக வாரக்கணக்கில் வயிற்றோட்டமோ மலச்சிக்கலோ, காரணமின்றி மெலிதல், வெளிறிப்போதல் உள்ளவர் 'மூலம்' என்று தாமே முடிவுகட்டாமல் புத்தளத்திலோ கற்பிட்டியிலோ வைத்தியரிடம் ஒருமுறை காட்டவேண்டும். இதற்கு எந்தத் திட்டமும் தேவையில்லை. இலவசமாகவே இன்றும் செய்யலாம். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் வந்திருந்தால் நாற்பது வயதிலேயே வைத்தியரிடம் சொல்லவேண்டும். அதன்பின், கச்சான் வீசிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில், தொழில் குறைந்திருக்கும் வேளையில், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையுடன் பேசி, கமரா பார்க்கத் திகதி உறுதியான அளவுக்கு மட்டும், பத்துப் பேரானாலும் சரி, குப்பி கொடுக்கலாம். பிழைத்தவர் எவரேனும் தம் பெயரைச் சொல்ல முன்வந்தால் அவரைப் பேச விடுவோம், நாம் பேசாதிருப்போம்.

கடற்றொழிலாளர் சங்கமும் பள்ளிவாசல் நிர்வாகமும் பங்குச் சபையும் சேர்ந்து செய்யக்கூடியது ஒன்றுண்டு. வைத்தியசாலைக்கு அண்மையில், முதல் நாளே போய்த் தங்குவதற்கு ஓர் அறை. ஆணுக்கொன்று, பெண்ணுக்கொன்று இருந்தால் இன்னும் நல்லது. தமிழில் துண்டை வாசித்துச் சொல்லத் தெரிந்த ஒருவர், இரண்டு பாய், கொதித்தாறிய நீர். மலசலகூடம் மட்டும் முற்றத்தில் இருக்கக்கூடாது. அறையோடு ஒட்டியே இருக்கவேண்டும்.