கீமோ வரும், ஆலோசகர் வரமாட்டார்

புற்றுநோயாளிக்கு மனநல ஆலோசனை என்பது சிகிச்சையின் பகுதி. நோயாளிக்கு மட்டுமல்ல, உடனிருந்து பார்த்துக்கொள்பவருக்கும் அது தேவை. 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இதற்கெனத் தனித் துறையே இயங்குகிறது.

மாவட்ட மருத்துவமனைகள் அனைத்திலும் மூன்றாண்டுகளில் பகல்நேரப் புற்றுநோய் மையங்கள் என்றது 2025-26 மத்திய பட்ஜெட் உரை. கீமோவை ஊருக்கே கொண்டுவருவது நல்லதுதான். ஆனால் அந்த அறிவிப்பில் ஆலோசகரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அந்தமான் நிக்கோபாரில் இந்த விடுபடல் இரட்டிப்பாக வலிக்கும். தென்கோடியில் உள்ள கேம்பல் பேயிலிருந்து தலைநகர் போர்ட் பிளேருக்கே 500 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து சிகிச்சைக்காக மெயின்லேண்டில் உள்ள சென்னைக்குக் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். தெரியாத ஊரில், புரியாத மொழியில், பயாப்ஸி முடிவைக் கேட்க வேண்டியிருக்கிறது. கூட வர ஒருவருக்குத்தான் வசதி, பிள்ளைகள் தீவில். அடுத்த கீமோவுக்குள் ஊர் திரும்புவதா, லாட்ஜ் வாடகை கொடுத்துக் காத்திருப்பதா என்ற கணக்கே ஆளைத் தின்றுவிடும். வாய்ப்புற்று அறுவைக்குப் பின் முகம் மாறி, பேச்சுக் குழறித் திரும்புபவர் தீவில் யாரிடம் மனம்விட்டுப் பேசுவார்? 2022-ல் தொடங்கிய மனநலத் தொலைபேசி உதவி எண் 14416 இருக்கிறதே என்பார்கள். தூக்கமில்லாத ஓர் இரவுக்கு அது உதவலாம். மறுமுனையில் இருப்பவர் நோயாளியின் சிகிச்சைக் குழுவில் இருப்பவர் அல்ல.

தீவு மக்களின் மனதைக் கணக்கில் எடுக்காதது மேலிடத்துக்குப் புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பின், கொதிக்கும் தகரக் கொட்டகைகளில் மக்களை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார்கள். துஹெத் என்னும் கூட்டுக்குடும்பமாக வாழ்ந்த நிக்கோபாரியருக்குத் தனித்தனிக் குடும்பக் கணக்கில் நிவாரணம் கொடுத்து, இருந்த ஒரே ஆதரவையும் பிரித்தார்கள். தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் அப்போது உள்ளூர் ஆட்களுக்கு ஆறுதல் பணியில் பயிற்சி கொடுத்தது. அதை நிரந்தர ஏற்பாடாக்கியிருக்க வேண்டியவர்கள் வேறு வேலையில் இருந்தார்கள். 2018-ல் மூன்று தீவுகளுக்கும், 2023-ல் 21 தீவுகளுக்கும், 2024-ல் தலைநகர் போர்ட் பிளேருக்கும் புதுப் பெயர் சூட்டியாயிற்று. பெயர்ப்பலகைக்குக் காட்டிய அவசரத்தை ஒரு பணியிடத்துக்குக் காட்ட முடியவில்லை. 2020-ல் சென்னையிலிருந்து கடலடி இணையக் கேபிளும் வந்துவிட்டதால், தொலைவைச் சாக்குச் சொல்லவும் இனி வழியில்லை.

மையங்கள் திறக்கும்போதே, தீவின் மொழிகளில் பேசத் தெரிந்த ஆலோசகர்கள் அங்கே இருக்கும்படி எப்படியாவது வழிசெய்யப்பட வேண்டும். எந்தத் திட்டத்தில், எந்தத் தலைப்பில் நிதி ஒதுக்குவது என்பதை ஒதுக்கத் தெரிந்தவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.