காத்துல சொல்லாதே

2020ல், ஜார்ஜ் ஃபிளாய்டை மினியாபொலிஸ் போலீஸ்காரன் முழங்காலால் கழுத்தை அமுக்கிக் கொன்றதை எதிர்த்து அமெரிக்கா முழுக்கக் கறுப்பின மக்கள் தெருவுக்கு வந்த நாட்கள். நியூயார்க் போலீசின் வயர்லெஸ்ஸில் கூட்டத்தின் மேல் வண்டியை ஏத்து என்கிறது ஒரு குரல். சுட்டுத் தள்ளு என்று கெட்ட வார்த்தையோடு வருகிறது இன்னொன்று. அதற்கு ஒரு பதில் வருகிறது: அதக் காத்துல சொல்லாதே.

செய்யாதே என்று சொல்லவில்லை, கவனியுங்கள். சொல்லாதே என்கிறான். யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

கேட்டது ஸ்கேனர் வைத்திருந்தவர்கள். ஸ்கேனர் என்பது உள்ளங்கை அகல ரேடியோதான். அலைவரிசைகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து, எங்கே பேச்சு கேட்கிறதோ அங்கே நின்றுகொள்ளும். 1928ல் டெட்ராய்ட் போலீஸ் ரேடியோவில் தகவல் அனுப்பத் தொடங்கியபோது வீட்டு ரேடியோவிலேயே அதைக் கேட்டவர்கள் உண்டு. 1986ல் வந்த அமெரிக்கச் சட்டம்கூட, மறைக்காமல் பேசுகிற போலீஸ், தீயணைப்பு அலைவரிசைகளைக் கேட்பது குற்றமில்லை என்றது. ஸ்கேனரைப் புரட்சிக் கருவி என்று நான் தூக்கிப் பிடிக்கவில்லை. அங்கே அதை வைத்திருப்பவர்களில் பொழுதுபோகாத வெள்ளைக்காரர்களும் உண்டு, பிணம் விழுந்த இடத்துக்கு முதல் ஆளாக ஓடுகிற பத்திரிகைக்காரர்களும் உண்டு. இருக்கட்டும். ஒரு காது இருக்கிறது என்பதுதான் விஷயம்.

காது இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? 1991 மார்ச் 3, லாஸ் ஏஞ்சல்ஸில் ராட்னி கிங்கை அடித்துத் துவைத்தார்கள். பிறகு கிறிஸ்டோபர் கமிஷன், போலீஸ் வண்டிகளின் கணினியில் அவர்கள் ஒருத்தருக்கொருத்தர் தட்டி அனுப்பிய செய்திகளை எடுத்துப் பார்த்தது. இது பேச்சு இல்லை, எழுத்து. எந்த ஸ்கேனர்க்காரனும் காதால் கேட்க முடியாது. அடித்தவர்களில் ஒருவன் கொஞ்ச நேரம் முன்னால்தான் ஒரு கறுப்புக் குடும்பத்தின் வீட்டுச் சண்டையைக் கொரில்லாக்களோடு ஒப்பிட்டு எழுதியிருந்தான். யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியம். ஒருத்தர் எடுத்த வீடியோ வெளியே வராமல் போயிருந்தால் கமிஷனும் இல்லை, அந்தச் செய்தியும் இல்லை.

இப்போது அந்தப் பேச்சையும் மூடுகிறார்கள். சாவி உள்ள கருவிக்கு மட்டும் புரிகிற மாதிரி பேச்சைக் கலைத்துப் போடுவதற்கு என்கிரிப்ஷன் என்று பெயர். 2023 ஜூலையில் நியூயார்க் போலீஸ் இதைப் புரூக்ளினில் ஆரம்பித்தது. 39 கோடி டாலர் திட்டம். திருடன் கேட்கிறான் என்று காரணம் சொல்கிறார்கள். திருடன் கேட்டதால்தான் 'காத்துல சொல்லாதே' என்றானா?

ஒரு காரணத்தை மட்டும் என்னால் தள்ள முடியாது. பலாத்காரம் செய்யப்பட்ட பெண் போன் பண்ணினால் அவள் பெயரும் விலாசமும் காத்துல போகிறது. அது கூடாது. ஆனால் அதற்கு வழி இருக்கிறது. 2020ல் கலிபோர்னியா மாநில நீதித்துறை, ஒன்று என்கிரிப்ஷன் செய்யுங்கள், இல்லாவிட்டால் பெயர், விவரங்களை மட்டும் திறந்த அலைவரிசையில் சொல்லாதீர்கள் என்று இரண்டு வழி கொடுத்தது. பல ஊர்ப் போலீஸ் மொத்தமாக மூடுகிற வழியைத்தான் பிடித்தது. பெண்ணைக் காட்டித் தன்னை மறைத்துக்கொள்வது இங்கே மட்டும் நடக்கிற வேலை இல்லை போலிருக்கிறது.

வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்னது கௌதம தர்மசூத்திரம். சூத்திரனுக்கே அந்தக் கதி என்றால் ஊருக்கு வெளியே கிடந்த நம் காது என்ன கணக்கு? ஆளுகிறவன் பேச்சு ஆளப்படுகிறவன் காதில் விழக்கூடாது என்பதில் எல்லா நாட்டுக்காரனும் நல்ல பார்ப்பானாகத்தான் இருக்கிறான்.

அமெரிக்காக்காரன் இப்போதுதான் கதவை மூடுகிறான். நமக்கு அது திறந்ததே இல்லை. லைசென்ஸ் இல்லாமல் வயர்லெஸ் கருவி வைத்திருந்தாலே குற்றம் என்று 1933ல் வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். 2023ல் புதுச்சட்டம் வந்தது, அனுமதி வாங்க வேண்டும் என்பது மட்டும் போகவில்லை. 2011 செப்டம்பர் 11, பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாளுக்கு வந்த சனங்களைச் சுட்டார்களே, அதற்கு முந்தைய நிமிடங்களில் மைக்கில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள்? அந்த நேரத்தில் அதைக் கேட்க நம் பக்கம் ஒரு காது இல்லை.

எனக்குப் பத்து வயசிருக்கும். திருவிழாத் தகராறுக்குப் பிறகு எங்கள் காலனி முனையில் ஒரு வாரம் ஜீப் நின்றது. ராத்திரியெல்லாம் கரகரவென்று வயர்லெஸ். 'ஓவர், ஓவர்' மட்டும்தான் புரியும். பிள்ளைகள் அதையே சொல்லி விளையாடினோம். அப்பா திண்ணையில் உட்கார்ந்து உற்றுக் கேட்டுக்கொண்டே இருந்தார். "நம்மளப் பத்திதாண்டா பேசுறானுங்க, ஒரு எழவும் வெளங்கல" என்றார். விடியறதுக்கு முன்னால் வீடு வீடாகப் புகுந்து ஆம்பளைகளை அள்ளிக்கொண்டு போனார்கள், அப்பாவையும் சேர்த்து. ராத்திரி அந்தப் பெட்டி வாசித்தது எங்கள் தெருப் பெயர்களைத்தானா என்று அவருக்கு இன்றுவரைக்கும் தெரியாது.