வேர்டு தெரியும் என்றால் என்ன தெரியும்?

வேலைக்கு விண்ணப்பிக்கும் பலரும் பயோடேட்டாவில் தவறாமல் எழுதும் ஒரு வரி, 'எம்.எஸ். ஆபீஸ் தெரியும்' என்பது. அதில் முதலில் கற்றுத்தரப்படுவது வேர்டு. தமிழில் இதைச் சொற்செயலி என்கிறோம். எழுதுவது, திருத்துவது, அழகுபடுத்துவது, சேமிப்பது, அச்சிடுவது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செய்ய உதவும் மென்பொருள். மைக்ரோசாஃப்ட் வேர்டு 1983-ல் வந்தது. அதற்கு முன்பே வேர்டுஸ்டார் இருந்தது. இன்று காசில்லாமல் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டர், கூகுள் டாக்ஸ் ஆகியவையும் இதே குடும்பம்தான்.

மூன்று மாதம் கோர்ஸ் முடித்துவிட்டு வருபவர்களில் பலர் வேர்டைப் பழைய தட்டச்சு மெஷினாகவே பயன்படுத்துகிறார்கள். எழுத்தைத் தடிமனாக்கத் தெரியும், சாய்க்கத் தெரியும், கலர் கொடுக்கத் தெரியும். ஆனால் விலைப்பட்டியலில் ரூபாய், பைசாவை நேராக நிறுத்த ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போவார்கள். டெசிமல் டேப் என்று ஒன்று இருக்கிறது, புள்ளிகள் தானாகவே ஒரே கோட்டில் வந்து நிற்கும். அடுத்த பக்கத்துக்குப் போக என்டரை இருபது முறை அழுத்துவார்கள். கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து ஒரு முறை போதும். தலைப்புகளுக்கு 'ஸ்டைல்' கொடுத்தால் நூறு பக்க பிராஜெக்டுக்கும் பொருளடக்கம் நொடியில் தயார். இருநூறு பேருக்குப் பெயர் மட்டும் மாற்றிக் கடிதம் அனுப்ப மெயில் மெர்ஜ் இருக்கிறது. காமர்ஸ் படித்தவர்களுக்கு ஆபீசில் முதல் வாரமே தேவைப்படும் விஷயங்கள் இவை!

இதையெல்லாம் போகப்போகக் கற்றுக்கொள்ளலாம். தமிழில் அடிக்கும்போது வரும் சிக்கல்தான் பெரியது.

பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை ஒட்டிவைத்தவை. உதாரணமாக, பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கணினிக்குள் சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ, கூடவே ஒரு அரைப்புள்ளி. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம்! இன்னொரு கடையில் அதே எழுத்துரு இல்லாவிட்டால், திறந்து பார்த்தால் வெறும் ஆங்கிலக் குப்பை. மனுவோ பத்திரமோ கொண்டுபோனவர் மறுபடியும் காசு கொடுத்து முதலிலிருந்து அடிக்கச் சொல்ல வேண்டியதுதான். பத்து வருடக் கோப்புகளில் ஒரு பெயரைத் தேடினாலும், சாதாரணமாகத் தமிழில் அடித்துத் தேடினால் கிடைக்காது.

யூனிகோடில் இந்தத் தொல்லை இல்லை. 1991-லேயே தமிழுக்கு அதில் இடம் கிடைத்துவிட்டது. தமிழ்நாடு அரசும் 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை பிறப்பித்தது. அதற்குப் பிறகும் பழைய எழுத்துருவிலேயே பாடம் தொடங்குவது மாணவர்களின் காசை வீணடிப்பதுதான்.

திருத்தணி மாதிரி ஊரில் இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். 1960 ஏப்ரல் 1-ல் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த ஊர் இது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வருபவர்களில் சித்தூர், நகரிப் பக்கத்துக்காரர்களும் உண்டு. செருப்புக் காப்பகமோ, சாப்பாட்டுக் கடையோ, நோட்டீஸ் என்றால் தமிழிலும் வேண்டும், தெலுங்கிலும் வேண்டும். பழைய முறையில் ஒரே கோப்பில் இரண்டையும் வைப்பது பெரும் அவஸ்தை. 'செலக்ட் ஆல்' கொடுத்துத் தெரியாத்தனமாக எழுத்துருவை மாற்றினால் இரண்டு மொழியும் சேர்ந்தே போய்விடும். யூனிகோடிலோ ஒவ்வொரு மொழிக்கும் தனி வீடு. அதன் அட்டவணையில் தமிழுக்கு அடுத்த வீடே தெலுங்குதான் (மலைக்கு அந்தப் பக்கம் இருப்பது போலவே!).

'டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர்கள் விரலை மாற்றிக்கொள்ள முடியுமா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அரசுத் தட்டச்சர் வேலைக்கு அந்தத் தேர்வு வேண்டும், அதற்காக மாதக்கணக்கில் விரலைப் பழக்கியிருப்பார்கள். ஆனால் விரல் எந்த விசையைத் தட்டுகிறது என்பது வேறு, கணினி எதைச் சேமிக்கிறது என்பது வேறு. பழைய தட்டச்சு முறையிலேயே அடித்து யூனிகோடாகச் சேமிக்க என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. பழைய கோப்புகளை மாற்றித் தரும் மாற்றிகளும் இருக்கின்றன. ஆகவே சாக்குச் சொல்ல வழியில்லை.

புதிதாகப் படிக்க வருபவர்களுக்குத் தமிழ்99 விசைப்பலகையே நல்லது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்தது. இப்போது விண்டோஸிலேயே கிடைக்கிறது, தனியாக வாங்க வேண்டாம். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். மெனுக்களின் பெயர்களை நோட்டில் எழுதச் சொல்வதற்கு முன், முதல் வகுப்பிலேயே இதைக் காட்டலாம்: அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு, திரையில் 'அம்மா'.