நோயாளியிடம் பாவக்கணக்கு கேட்காதீர்கள்

கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் நோயின் கதை அறிந்த ஊர். சமணத்தில் சேர்ந்து தருமசேனர் என்ற பெயரோடு இங்கே இருந்த மருள்நீக்கியாரைச் சூலைநோய் வாட்டியதையும், அவர் திருவதிகையில் தமக்கை திலகவதியாரைத் தேடிப் போய் நலம்பெற்று நாவுக்கரசர் ஆனதையும் பெரியபுராணம் விரிவாகச் சொல்கிறது. அந்த வலியே அவரைச் சைவத்துக்குத் திருப்பி அழைத்தது என்பது சைவர்களின் நம்பிக்கை. நோய் ஏன் வந்தது என்ற கேள்வி இதே ஊரின் கிறிஸ்தவ வீடுகளிலும் எழுகிறது. அங்கே சிலர் சொல்லும் பதில்தான் கொடுமையாக இருக்கிறது.

ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் கடலூர், சிதம்பரம் வழியாகப் போகிறார்கள். பிள்ளைக்கு உடம்பு தேறியதற்கு நேர்த்திக்கடன் செலுத்த ஒருவர், பிள்ளை வரம் கேட்டு ஒருவர். கண், கை, கால் உருவங்களை ஆரோக்கிய மாதாவிடம் காணிக்கையாக வைத்துவிட்டுத் திரும்பும்போது மனம் லேசாகிறது. அந்த ஆறுதலைக் குறைசொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் எத்தனை ஜெபித்தும் சுகம் கிடைக்காதவரிடம், “உங்களுக்கு விசுவாசம் பத்தாது”, “குடும்பத்தில் ஏதோ பாவம் இருக்கிறது” என்று சொல்வதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

விவிலியமே அதை ஏற்பதில்லை. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு. நோயில் வாடிய யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். பேச ஆரம்பித்து அவரிடம் குற்றம் தேடியதும் கடவுளின் கோபத்துக்கு ஆளானார்கள். பவுல் தன் உடலில் தைத்த முள் நீங்க வேண்டும் என்று மூன்று முறை மன்றாடினார். நீங்கவில்லை. பவுலுக்கு விசுவாசம் பத்தாது என்று யார் சொல்வார்கள்?

பவுலைப் போன்ற ஒருவர் நம் மண்ணிலும் இருந்தார். 1954-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். ஆழ்ந்த பக்தி உள்ளவர்; ஆனாலும் கடைசிவரை எழுந்து நடக்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு மையம் அவர் முயற்சியால் 1966-ல் வேலூரில் உருவானது. 1972-ல் பத்மஸ்ரீ வந்தது. மேடையில் ஏறி சாட்சி சொல்லும் வகையான சுகம் மேரிக்குக் கிடைக்கவே இல்லை. ஆனால் கிறிஸ்தவம் சுகம் என்று எதைச் சொல்கிறதோ அதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி தமிழ்நாட்டில் குறைவு.

மேரியைத் தொழுநோயாளிகளுக்கான அறுவை சிகிச்சைக்கு அழைத்த மருத்துவர் பால் பிராண்டு 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதாக அன்று நம்பினார்கள். தெய்வ தண்டனை என்றும் சொன்னார்கள். வலி உணர்வு செத்துப்போவதால், சுட்டதும் வெட்டியதும் தெரியாமல் புண்ணாகி விரல் தேய்கிறது என்று பிராண்டு காட்டினார். சாபம் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு அந்த விளக்கமே பாதி விடுதலை.

ஜெபமும் மருந்தும் பகையாளிகள் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. காசநோய்க்கு வழக்கமாகக் குறைந்தது ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். இருமல் நின்றதும் சுகமாகிவிட்டது என்று நடுவில் விட்டால், மருந்துக்கு அடங்காத கிருமி வளரும். வீட்டிலுள்ள குழந்தைக்கும் பரவும். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. சுகம் கிடைத்தது என்று அறிவிப்பதிலும் அவசரம் கூடாது. சுகம் தேடி யாத்திரிகர்கள் குவியும் பிரான்சின் லூர்து நகரில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சுகங்கள் பதிவாகியுள்ளன. மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த பிறகு, திருச்சபை அற்புதம் என்று ஏற்றவை எழுபதைச் சற்றே தாண்டும். நம்பிக்கையின் தலைநகரம் போன்ற ஊரிலேயே இவ்வளவு நிதானம்.

கடலூரிலும் சிதம்பரத்திலும் சுகமளிக்கும் கூட்டம் நடத்தும் போதகர்கள், டாக்டர் சொல்லாமல் ஒரு மாத்திரையையும் நிறுத்தாதீர்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒலிபெருக்கியிலேயே அறிவிக்க வேண்டும். சாட்சி சொல்ல வருபவரிடம் மருத்துவச் சீட்டைக் கேட்டுப் பார்க்க வேண்டும். கூட்டம் முடிந்து நடக்க முடியாமலே வீடு திரும்புபவரை மறுநாள் போய்ப் பார்த்து, தேவைப்பட்டால் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஓர் ஆளை ஏற்பாடு செய்ய வேண்டும்.